மேயர் அன்ரிக்கு ஒன்று, எனக்கு இரண்டு

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. மெல்பன் குளிரில் கறிவேப்பிலையை உயிரோடு வைத்திருப்பது கைக்குழந்தையை வளர்ப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம். தெற்கிலிருந்து வரும் காற்று அதன்மேல் படாமலிருக்க, இரண்டு கம்புகளில் ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கட்டி நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பலகையில் என் முகம் இருக்கிறது. கழுத்தில் டை. "எதிர்காலத்தைப் பாருங்கள்" என்று படம் எடுத்தவர் சொன்னதால் கண்கள் எங்கோ தொலைவில். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டூடியோவின் கழிவறைக் கதவை. முதல் நாள் தலைக்கு மை அடித்தபோது இடது காதிலும் பூசிக்கொண்டுவிட்டேன். வெயில் பட்டுப்பட்டு முகமும் டையும் எழுத்துகளும் வெளுத்துப்போய்விட்டன. காது மட்டும் இன்றைக்கும் கறுப்பாக இருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் தேர்தலில் நின்றவன். அதுவும் தோற்பதற்காகவே நிறுத்தப்பட்டவன். தோற்பது மட்டும்தான் என் வேலை என்று தெளிவாகச் சொல்லி, நானும் தலையாட்டி, தேநீர் குடித்து ஒப்புக்கொண்ட பிறகு, வீட்டுக்கு வந்து வெற்றி உரை ஒன்று எழுதினேன். குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று அதை மனப்பாடமும் செய்தேன். "மாபெரும் மக்களே" என்று தொடங்கும். என் மனைவி கதவைத் தட்டி, "உள்ள யாருங்க?" என்று கேட்டாள்.

என்னை நிறுத்தியவர் எங்கள் வட்டாரத்தின் கவுன்சிலர். பிறகு மேயர் ஆனவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரைப் பக்கம். எங்கள் ஊரில் 'ஆன்ட்டி' என்போம். ஆனால் நாங்கள் இருக்கும் நோபல் பார்க்கில் எல்லோரும் 'அன்ரி' என்று அழைத்ததால் எனக்கும் அவர் அன்ரி ஆனார். எனக்குத் தெரிந்த ஐ.டி. ஆட்கள் எல்லாம் மேற்கே பொயிண்ட் குக்கில் வீடு வாங்கிச் சுகமாக இருக்க, மனைவிக்கு இந்தப் பக்கத்து மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் நான் மட்டும் தென்கிழக்கில் ஒதுங்கியவன். அதற்காக வருத்தப்பட்டதும் உண்டு, அன்ரியைப் பார்க்கும்வரை.

நாங்கள் முதலில் சந்தித்தது ஒரு குப்பைத் தொட்டியின் முன்னிலையில். பச்சை மூடித் தொட்டியை எடுக்க வாரக்கணக்கில் வண்டி வரவில்லை என்று நான் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். வீழ்ந்த பேரரசுகள் சிலவற்றோடு கவுன்சிலை ஒப்பிட்டிருந்தேன். எழுதி முடித்து எனக்கே கைதட்டிக்கொள்ளத் தோன்றியது. பதில் வரும் என்று பார்த்தால் ஆளே வந்துவிட்டார். சேலை, அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் நடைப்பயிற்சிக் காலணி. வணக்கம் சொன்ன கையோடு தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே புல் அழுகி ஒரு தனி உலகம் உருவாகியிருந்தது.

"தம்பி, இதை எந்தக் கிழமை வெளியில வைக்கிறனீங்கள்?"

சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு வாரம் மஞ்சள் மூடி, மறு வாரம் பச்சை மூடி என்று மாறிமாறி எடுப்பார்கள். நான் மஞ்சள் வாரத்தில் பச்சையும், பச்சை வாரத்தில் மஞ்சளுமாக, ஒரு வாரமும் தவறாமல், மிகுந்த ஒழுங்கோடு வைத்துவந்திருக்கிறேன்.

"பரவாயில்லைத் தம்பி. வந்த புதுசில எல்லாருக்கும் வாறதுதான்" என்றார். நான் வந்து பத்து வருடமாகிவிட்டது என்பதைச் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் எதை வைக்கிறாரோ அதைப் பாத்து வையுங்கோ." பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மற்றத் தமிழ்க் குடும்பங்களில் டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று வரிசையாக வருவார்கள். அன்ரியின் குடும்பத்தில் வேட்பாளர்கள் வந்தார்கள். அவருடைய அப்பா ஊரில் கிராமச் சபைத் தலைவராக இருந்தவர். அண்ணன் ரொறன்ரோவில் கல்விச் சபைக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். அந்தத் தகுதியால் குடும்பத்தின் தேர்தல் ஆலோசகர். மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, அம்மாவின் துண்டறிக்கைகளில் ஆங்கிலத்தைத் திருத்துவாள். இந்தக் கூட்டத்தில் அரசியல் வாடை படாதவர் அன்ரியின் கணவர், அங்கிள் ஒருவர்தான். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக் போடுவதைப் போலத்தான் பேச்சும்: தேவையென்றால் மட்டும். தேர்தல் காலத்தில் ரப்பர் சுத்தியலோடு வீடு வீடாகப் போய் வேலியில் பலகை அடிப்பார். ஒரு பலகையும் அரை அங்குலம் சாயாது.

அன்ரியின் உண்மையான அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய வீடு. கவுன்சிலுக்குச் சொந்தமானது. கூரையில் ஒரு பக்கம் ஒழுகும். சனிக்கிழமை காலையில் அங்கே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காக நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் வருவார்கள். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்களும் உண்டு. ஒருவனுக்கு வேலை செய்யும் அனுமதி வேண்டும்; ஒருத்திக்குக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வழி தெரியவேண்டும்; இன்னொருவனுக்கு ஒன்றுமே வேண்டாம், தமிழில் கொஞ்ச நேரம் கதைத்தால் போதும். மாதம் ஒரு முறை ஒரு வழக்கறிஞரும் வந்து இலவசமாக உட்காருவார். தொட்டி விவகாரத்துக்குப் பிறகு பிராயச்சித்தமாக நானும் போய் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். பேரரசுகளைச் சேர்க்கவேண்டாம் என்பது மட்டும்தான் அன்ரி போட்ட நிபந்தனை.

ஒரு நாள் புத்திசாலியாக ஒன்று சொன்னேன். "அன்ரி, இங்க வர்றவங்க ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது. இவங்களுக்குச் செலவழிக்கிற நேரத்தை ஓட்டு இருக்கிறவங்களுக்குச் செலவழிச்சா அடுத்த தேர்தல்ல கவலையே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வோட்டு இருக்கிற ஆக்களுக்கு வோட்டு இருக்குத் தம்பி. இவைக்கு என்ன இருக்கு? நான்தானே இருக்கிறன்."

அடுத்த தேர்தலில் கவலை வந்தேவிட்டது. அன்ரிக்கு எதிராக நின்றவர் ஒரு வீட்டு மனை முகவர். எங்கள் வட்டாரத்துப் பேருந்து நிறுத்த விளம்பரங்களில் எல்லாம் அவருடைய பற்கள் தெரியும். ரயில் நிலையத்தருகே வண்டி நிறுத்த இடமில்லை, அந்த ஒழுகல் வீட்டை இடித்துவிட்டு நிறுத்துமிடம் கட்டுவேன் என்பது அவருடைய முதல் வாக்குறுதி. நிறையப் பேருக்கு அது நியாயமாகவே பட்டது. நானும் ரயிலில் வேலைக்குப் போகிறவன். வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவன். எனக்கே ஒரு கணம் நியாயமாகப் பட்டது. அன்ரி தோற்றால் அந்த வீடு போகும். வீடு போனால் சனிக்கிழமையும் போகும்.

அன்ரி வீட்டில் நாங்கள் கூடியிருக்க, ரொறன்ரோ அண்ணன் ஸூமில் வந்து திட்டம் சொன்னார். இங்கே வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் குறியிட்டால் போதாது. விருப்ப வரிசைப்படி எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடவேண்டும். கடைசியாக வருபவரை நீக்கிவிட்டு, அவருக்கு 'ஒன்று' போட்டவர்களின் சீட்டுகளை அவர்கள் 'இரண்டு' போட்டவரிடம் சேர்ப்பார்கள். "இந்தியன் ஆக்கள் எங்களுக்கு நேரடியாப் போடாயினம். அவையின்ர ஆள் ஒராளை நிப்பாட்டு. அவருக்கு ஒண்டு, உனக்கு ரெண்டு எண்டு கேக்கச் சொல்லு. அவர் கடைசியா வருவார். வோட்டு முழுக்க உன்னட்ட வந்து விழும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

"பயப்பிடாதேங்கோ தம்பி" என்றார் அன்ரி. "நீங்கள் வெல்ல வேண்டாம். தோத்தாக் காணும்."

வாழ்க்கையில் என் தகுதிக்கு இவ்வளவு சரியாகப் பொருந்திய வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது கணக்கில் இல்லை, அன்ரியின் வளர்ப்பில். நாங்கள் இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். இந்தியத் தமிழர் வீட்டில் நான் பேசுவது, ஈழத் தமிழர் வீட்டில் அவர் பேசுவது என்று ஏற்பாடு. ஆனால் கதவு திறந்ததும் அன்ரி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவார். "இவர் எங்கட தம்பி. படிச்ச பிள்ளை. எங்களுக்காக வந்து நிக்கிறார். முதல் இவருக்கு ஒண்டைப் போடுங்கோ. ரெண்டாவது எனக்குப் போட்டாக் காணும்." தன் சொந்த ஆதரவாளர்களிடமே! வருடக்கணக்காக அவருக்கு மட்டுமே போட்ட பாட்டிமார் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஓம் பிள்ளை, நீங்கள் சொன்னாச் சரிதானே" என்றார்கள். ஒருவர் எனக்கு வடையும் கொடுத்தார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபத்தைக் கணிப்பதுதான் என் வேலை. ஆனால் அந்த வடை நன்றாக இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரொறன்ரோவுக்குத்தான் உறைத்தது.

"தங்கச்சி, உனக்கென்ன விசரே?" திரை அதிர்ந்தது. "எல்லாரும் அந்தாளுக்கு ஒண்டு போட்டா நீயல்லோ கடைசியா வருவாய்! உன்னைத் தூக்கிப்போட்டு உன்ர வோட்டை அவருக்குக் குடுத்துடுவாங்கள். அந்தாள் கவுன்சிலர், நீ வீட்டில!"

அன்ரி அசையவில்லை. "அண்ணை, எனக்காகக் கேட்டவுடன வந்து நிக்கிற பிள்ளை. வீட்டுக்கு வந்த ஆளை நிக்க வச்சிட்டு நான் முதல் பந்தியில இருந்து சாப்பிடுறதே? அப்பா இருந்தா என்னைப் படலைக்குள்ள விடாரே."

அண்ணன் தலையில் கைவைத்தார். அங்கிள் கதிரையிலிருந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்ரியை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் நானே களத்தில் இறங்கினேன். உலகத்தில் வேறு எந்த வேட்பாளரும் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்: எனக்கு எதிராக நானே பிரசாரம் செய்தேன். வேலை முடிந்து, டையோடு, மாலையில் தனியாகப் போய்க் கதவு தட்டினேன். "தயவுசெய்து எனக்கு ஒன்று போடாதீங்க. அன்ரிக்கு ஒன்று போடுங்க. எனக்கு இரண்டு போதும்." நம் ஊர் ஆட்கள் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கண் கலங்கிவிட்டார். "சார், இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா? நம்ம ஊர்ல ஒருத்தன் இப்படிச் சொல்லிப் பாத்திருக்கோமா? எங்க வீட்டுல நாலு ஓட்டு சார். நாலும் உங்களுக்குத்தான்." அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் அது பரவியது. நான் மறுக்க மறுக்க ஆதரவு கூடியது. மறுத்து ஒரு நீண்ட செய்தி போட்டேன். அதைக் 'கண்ணியமான அறிக்கை' என்று பொயிண்ட் குக் வரை அனுப்பினார்கள், அங்கே யாருக்கும் எங்கள் வட்டாரத்தில் ஓட்டு இல்லாவிட்டாலும். ஒரு பக்கம் அன்ரி எனக்குக் கேட்க, மறு பக்கம் நான் அன்ரிக்குக் கேட்க, நடுவில் முகவர் மட்டும் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

வாக்கு எண்ணும் இடத்துக்குள் வேட்பாளர்கள் போகக்கூடாது. எங்கள் சார்பில் பார்வையாளராக அங்கிள் உள்ளே போனார். அன்ரியும் நானும் வெளியே அவருடைய காரில் உட்கார்ந்திருந்தோம். மழை. கொஞ்சம் தள்ளி, மூடிய கடையின் தாழ்வாரத்தில் சனிக்கிழமைப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒடுங்கி நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை, உள்ளே எண்ணப்படும் ஒரு சீட்டும் அவர்களுடையது இல்லை. நின்றார்கள்.

அங்கிளிடமிருந்து முதல் செய்தி வந்தது: "முகவர் முதல். நீங்கள் ரெண்டு பேரும் கிட்டக்கிட்ட. திருப்பி எண்ணுறாங்கள்."

அதுவரை அது எனக்கு ஒரு வேடிக்கைதான். திடீரென்று அந்தத் தாழ்வாரம் கண்ணில் பட்டது. நான் ஜெயித்தால் அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். மஞ்சள் மூடி வாரம் எது என்று தெரியாத என்னிடம். அன்ரியின் பொறுமையோ தைரியமோ என்னிடம் இல்லை. இடிக்கலாம் என்று இரண்டு பேர் சத்தமாகச் சொன்னால் நானும் கை தூக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அன்ரி பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். முதல் கோப்பை எனக்கு.

"அன்ரி, நான் ஜெயிச்சுட்டா என்ன பண்றது?"

"ஒண்டும் இல்லைத் தம்பி. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேசையைத் துடைச்சுப்போட்டு இருங்கோ. அவை வருவினம். சொல்றதைக் கேளுங்கோ. அவ்வளவுதான் வேலை. நான் பக்கத்தில கதிரை போட்டுக்கொண்டு இருப்பன்."

முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. தன் இடத்தை என்னிடம் தருவதற்கு அவர் உண்மையிலேயே தயாராக இருந்தார், வீடு நிற்குமென்றால். வெற்றி உரையை மனப்பாடம் செய்த எனக்கு அப்போதுதான் அரசியல் குடும்பம் என்றால் என்ன என்று புரிந்தது. நாற்காலியை விடாதவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் மேசையை விடாதவர்கள். எனக்குத் தெரிந்த தெய்வங்களிடமெல்லாம் என்னைத் தோற்கடிக்கும்படி வேண்டினேன். இவ்வளவு மனதார நான் எதையும் கேட்டதில்லை.

அடுத்த செய்தி வர வெகுநேரம் ஆனது. "எங்கட சனம் கனபேர் ரெண்டு பேருக்கும் ஒண்டு போட்டிருக்கு. அதெல்லாம் செல்லாது." அன்ரிக்கும் மனம் நோகக்கூடாது, என்னையும் இரண்டாவதாக்கக் கூடாது. வேறு எந்தச் சனம் இப்படிச் செய்யும்? அதன்பின் மூன்றாவது செய்தி: "தம்பி அவுட்."

நான் காரை விட்டு இறங்கி மழையில் குதித்தேன். தோற்ற வேட்பாளர் ஒருவர் அப்படிக் குதித்ததை அந்தக் கட்டடத்தின் காவலாளி முன்பு பார்த்திருக்க மாட்டார். என் சீட்டுகள் அன்ரியிடம் போய்ச் சேர்ந்தன, முகவர் பின்தங்கினார். தாழ்வாரத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் மற்றக் கவுன்சிலர்கள் கூடி அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கவுன்சிலுக்கு முதல் தமிழ் மேயர். பதவியேற்பு மாலை, பட்டுச் சேலையின்மேல் அந்தப் பெரிய அங்கியும், கழுத்தில் கனத்த சங்கிலியுமாக வந்து உட்கார்ந்தார். தாலிக்கொடியைச் சரிசெய்வதுபோல் அந்தச் சங்கிலியை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார். பார்வையாளர் பகுதி நிறைந்து, சனிக்கிழமைப் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்தினார். எல்லோரும் உரைக்காகக் காத்திருந்தோம். அவர் சுவரோரம் பார்த்தார்.

"ஏன் நிக்கிறியள்? அந்தப் பக்கம் கதிரை கிடக்கு. எடுத்துப் போட்டிருங்கோ."

மேயராக அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. தமிழில், ஒலிவாங்கியில், பதிவேட்டில். பிறகு அதையே ஆங்கிலத்தில் அதிகாரிகளுக்குச் சொன்னார். அவர்களே எழுந்து போய்க் கதிரை எடுத்து வந்தார்கள். ரொறன்ரோவில் மூன்று முறை தோற்ற அந்த மனிதர் கணினித் திரையில் அதைப் பார்த்து அழுதாராம். நான் அழவில்லை என்று சொன்னால் என் மனைவி இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுதுவாள்.

இதெல்லாம் சில வருடங்களுக்கு முந்தைய கதை. அன்ரி இப்போது கவுன்சிலில் இல்லை. ஒழுகல் வீடு இருக்கிறது, கூரை புதிது. சனிக்கிழமை மேசையும் இருக்கிறது. மகள் இப்போது மாநிலப் பாராளுமன்றத்துக்கு நிற்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பலகையை என் முன்வேலியில் அடிக்க அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அதே சுத்தியல். அரை அங்குலம் சாயவில்லை. வேலை முடிந்து, அன்ரி என் மனைவியோடு சமையலறையில் கதைத்துக்கொண்டிருக்க, அங்கிள் கொஞ்சம் கறிவேப்பிலை பறிக்கப் பின்புறம் வந்தார். பலகையின் முன் நின்று அந்தக் கறுப்புக் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் நெகிழ்ந்துபோய், "அங்கிள், வாழ்க்கையில நான் பெருமைப்படுற ஒரே காரியம் இதுதான். அன்னைக்கு அன்ரிக்காக நான் தோத்தது" என்றேன்.

அங்கிள் இலைகளைக் காம்போடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீர் எங்க தம்பி தோத்தனீர்? நீங்கள் ரெண்டு பேரும் போய் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் அந்தச் சனிக்கிழமைப் பொடியளும் பின்னால போய், அன்ரிக்கே ஒண்டைப் போடுங்கோ எண்டு கெஞ்சினனாங்கள். உம்மைப் பற்றிக் கூடாம ஒண்டும் கதைக்கேல்லை. 'தம்பி தங்கமான பிள்ளை, ஆனா எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டி வைக்கிறதெண்டு தெரியாது' எண்டு மட்டும்தான் சொன்னனாங்கள்."